வீடு எங்கே என்று கேட்டவர்கள்

முதன்முறை எனக்கு விசா மறுக்கப்பட்டது நான் உண்மையைச் சொன்னதால்தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. விடுமுறைக்கு ஊர் போய்வந்த கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தால், அந்த மறுப்பைச் சொல்லாமல் ஓர் அடியும் நகர முடியவில்லை. ஆகவே குழப்பம் தொடங்கிய இடத்திலேயே நானும் தொடங்குகிறேன்.

நான் படிக்கும் நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குளிர் நாடு, உருளைக்கிழங்கு நாடு, அவ்வளவு போதும். விசா இன்னும் நடப்பில் இருக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன்?

கொழும்பில் அந்த நாட்டுத் தூதரகத்தில் தடித்த கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி இருந்தார். பயத்தில் என் ஆங்கிலம் தொண்டையோடு நின்றுவிட்டதால், மொழிபெயர்க்க ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்கார்த்தினார்கள். சொந்தமாக வீடு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இல்லை என்றேன். அப்படியானால் இப்போது இருக்கும் வீடு யாருடையது? அக்காவுடையது என்றேன். அக்காவின் பெயரிலா இருக்கிறது? இல்லை, அம்மாவின் பெயரில். அப்படியானால் அது அம்மாவுடைய வீடுதானே? இல்லை, அக்காவுடையது. அதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் கொழும்பில் வளர்ந்தவர் போலிருக்கிறது, அவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

எங்கள் ஊரில் இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. உறுதியில், அதுதான் காணிப் பத்திரத்தில், எந்தப் பெயர் கிடந்தாலும், பெண் பிறந்த அன்றைக்கே வீடு அவளுடையதாகிவிடும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வருவார். ஆண்பிள்ளை அதுவரைக்கும் அக்கா தங்கச்சியின் வீட்டில் சோறு தின்றுவிட்டுப் பிறகு பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடுவான். இடையில் அவனுக்கென்று ஒரு வீடு கிடையாது, அதற்காக யாரும் அழுததும் கிடையாது. என் அப்பாவும் அப்படித்தான் நாவற்குடாவில் அம்மாவின் வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். அந்த வீட்டிலிருந்துதான் அவரைச் சுடலைக்கும் கொண்டுபோனோம்.

அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். "படித்து முடித்துத் திரும்பி வர உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது?"

சொத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஒன்றும் இல்லை என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. பாஸ்போட்டை மறுப்புக் கடிதத்தோடு திருப்பித் தந்தார்கள்.

இதைத் தீர்த்து வைத்தவர் மாமா. எங்கள் பக்கத்தில் தாய்மாமனின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. வீட்டைப் பொடியனின் பெயருக்கு எழுதிவிடு என்று அம்மாவிடம் சொன்னார். பெண்பிள்ளையின் வீட்டையா என்றார் அம்மா. அக்காதான், பேருக்குத்தானே, எழுதுங்க என்றாள். எழுதினோம். எங்கள் குடும்பத்தில் கலியாணம் முடிக்காமலே வீடு வாங்கிய முதல் ஆம்பிளை நான். ஒழுங்கையில் நடந்தால், எப்படா உன்னைக் கட்டிக் கொடுக்கிறது, மாப்பிள்ளை பார்க்கவா என்று கேலி பண்ணினார்கள். இரண்டாம்முறை உறுதியைக் காட்டினேன். விசா கிடைத்தது, ஒரு வருடத்துக்கு.

அந்த ஒரு வருடம் முடியும் நேரத்தில்தான் அக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள்.

மாப்பிள்ளை சதாசிவம், வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். வயல்காரர். அக்காவைக் கோயில் திருவிழாவில் கண்டு, இவள்தான் என்று சொல்லிவிட்டாராம். எல்லாம் பொருந்தி வந்த பிறகு மாப்பிள்ளையின் தாய் கேட்ட ஒரே கேள்வி, வீடு பெண்ணின் பெயரில்தானே என்பது. வீடு என் பெயரில் கிடந்தது. அதை அக்காவுக்கு எழுதாமல் நாள் வைக்க முடியாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். எழுதினால் எனக்கு வீடு இல்லை. வீடு இல்லையென்றால் விசாவும் இல்லை. பாதியில் நிற்கிற படிப்பும் அதோடு போச்சு.

விசாவை எடுத்த பிறகு ஊருக்கு வந்து எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். தூதரகம் திகதி தந்தது விடுமுறையின் கடைசியில். அதற்குப் பிறகு ஊருக்கு வந்தால், சண்டையில் பாதை பூட்டினால் விமானத்தைப் பிடிக்க ஏலாது. அந்த நாட்களில் பாதை எப்போது பூட்டும் என்று பாதையைப் பூட்டுகிறவர்களுக்கே தெரியாது. ஆகவே முதலில் ஊர், பிறகு தூதரகம். அந்த ஒழுங்கில்தான் புறப்பட்டேன்.

கொழும்பில் இறங்கிய அன்றே பசிக்கு இடியப்பமும் சொதியும் வாங்கினேன். வெளிநாட்டில் கனவில் வந்த சொதி இது இல்லை, ஆனாலும் இரண்டாவது தட்டும் வாங்கினேன். லொட்ஜில் பெட்டியை வைத்ததும் முகாமையாளர் என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார். வடக்குக் கிழக்கிலிருந்து வந்த தமிழர் லொட்ஜில் தங்கினால் பதிய வேண்டும். நான் வந்தது வெளிநாட்டிலிருந்து என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பொலிஸ்காரர் பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது சரி, வீடு எங்கே என்றார். நாவற்குடா என்றேன். யாருடைய வீடு? என்னுடையது என்றேன். பிறர் வீட்டுக் கோழியை என் கோழி என்று சொன்னது மாதிரி இருந்தது.

அந்நிய நாட்டில் என்னை ஒருவரும் பொலிசில் பதியச் சொல்லவில்லை. சொந்த நாட்டின் தலைநகரில் பதிந்துவிட்டுத்தான் தூங்கினேன். இதில் எது வெளிநாடு என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா. மடியில் துணி சுற்றிய தையல் மெஷின் தலை. மகளுக்காம். சோதனைச் சாவடி வந்தால் எல்லோரும் சாமான்களோடு இறங்கி நடந்து அப்பால் போய் ஏற வேண்டும். முதல் சாவடியிலேயே அந்த அம்மா, மனே, இதை ஒருக்காப் பிடி என்று மெஷினை என் கையில் தந்தார். அதோடு சரி, மட்டக்களப்பு வரைக்கும் அது என்னுடையதாகிவிட்டது. இறங்கும்போது என் தோளில், ஏறும்போது என் மடியில். அந்த அம்மா நான் கொண்டுவந்த சொக்கலேட்டைச் சாப்பிட்டபடி, வெளிநாட்டில் சோறு கிடைக்குமா, பெண் பார்த்தாச்சா என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

ஒரு சாவடியில் சிப்பாய் மெஷினை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தேன். "நீ தையல்காரனா?" என்று சிங்களத்தில் கேட்டான். நான் மாணவன் என்றால் எங்கே, என்ன படிப்பு, ஏன் வந்தாய் என்று நீளும். தலையை ஆட்டினேன். அவனுக்கு ஒரே சந்தோசம். சட்டையின் பொத்தான் தளர்ந்திருந்ததைக் காட்டி, வரும்போது தைத்துத் தா என்று சொல்லி அனுப்பினான். வெளிநாட்டில் மாணவன், கொழும்பில் சந்தேகக்காரன், புனானைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தையல்காரன். வாழைச்சேனை வந்தபோது நான் யார் என்று எனக்கே ஐமிச்சம் வந்துவிட்டது.

வீட்டு வாசலில் நின்றபோது அக்கா கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். மெலிந்திட்டாய் என்றாள். நான் மெலியவில்லை, கொழுத்திருந்தேன். ஆனால் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்தவனை அப்படித்தான் சொல்ல வேண்டும். அம்மா பிட்டும் இறால் கறியும் வைத்தார். வாவி இறாலின் இனிப்பை எந்த நாட்டுக் கடையும் எனக்கு இதுவரை தரவில்லை. தின்று முடிக்கும் வரைக்கும் வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, கூரையைப் பார்த்தேன். ஒரு பக்கத்து ஓடு மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்காரன் நான்தானே, மாற்ற வேண்டியதும் நானா என்று ஒரு யோசனை. அக்கா என் பார்வையைக் கண்டுவிட்டாள். ஓட்டை அவர் வந்து மாத்துவார், நீ தின் என்றாள்.

பின்னேரம் மாமா வந்தார். வெற்றிலை போட்டு முடித்து மெதுவாகப் பேசினார். மாமாவின் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. வீட்டை அக்காவுக்கு எழுதிக் கொடுப்பது, ஆனால் என் பெயரில் கிடக்கிற பழைய உறுதியின் கொப்பியைக் கொழும்புக்கு எடுத்துப்போய்த் தூதரகத்தில் காட்டுவது. அங்கிருக்கிற வெள்ளைக்காரன் காணி பதிகிற மட்டக்களப்புக் கந்தோருக்கு வந்து பார்க்கப்போகிறானா என்பது அவர் கேள்வி.  அக்கா மட்டும், பொய் சொல்லி அகப்பட்டால் அடுத்த முறையும் தர மாட்டார்களே என்றாள். மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு வழி சொல்லு பார்ப்பம் என்றார். எங்களிடம் வேறு வழி இல்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். பெண்ணின் தம்பி நேரே வந்து, எழுதித் தாறன் என்று வாயால் சொல்ல வேண்டும் என்பது மாப்பிள்ளையின் தாயின் விருப்பம். சைக்கிளில் பட்டணத்தைக் கடந்து, வாவிக்கு மேலாகப் போகிற பாலத்தடிக்கு வந்தேன். வாவியில் அந்தக் காலையில் காற்றே இல்லை. இறங்கு வலைக்காரர் இருவர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சாவடியும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாலத்தைக் கடந்தால் மேற்குக் கரை. அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதி என்று பெயர். அங்கே கொண்டுபோகக் கூடாத சாமான்கள் என்று பெரிய பட்டியல் இருந்தது. நான் மாப்பிள்ளைக்கென்று வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது ஒரு சவரம் செய்கிற மெஷின். பற்றறியில் ஓடும். சிப்பாய் அதை எடுத்து ஓட்டிப் பார்த்தான், தன் கன்னத்தில் ஒரு தடவை வைத்தும் பார்த்தான். பிறகு பற்றறிகளைக் கழற்றித் தன் மேசையில் வைத்துக்கொண்டு மெஷினைத் திருப்பித் தந்தான். பற்றறி போகக் கூடாது, மெஷின் போகலாம். சட்டம் அப்படி. உன் வீடு எங்கே, அங்கே ஏன் போகிறாய் என்று கேட்டான். மாப்பிள்ளை வீட்டுக்கு என்றேன். நீயா மாப்பிள்ளை என்றான். இல்லை, வீட்டுக்காரன் என்றேன். அவன் என்னை விட்டது புரிந்ததாலா புரியாததாலா என்று தெரியவில்லை.

அப்பால் கொஞ்சத் தூரத்தில் மற்றப் பக்கத்து இயக்கத்தின் காவல். என்னைவிட வயது குறைந்த ஒருவன், வெளிநாட்டில் இருந்தா வாறீங்க, வீடு எங்க, எத்தனை நாள் நிற்பீங்க என்று மரியாதையாகக் கேட்டான். தூதரகம், பொலிஸ், ஆமி, இப்போது இவன். எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஒருவருக்கு நான் சொன்ன பதில் இன்னொருவருக்குச் சொன்ன பதிலாக இல்லை.

சதாசிவத்தின் வீட்டைச் சுற்றி அறுவடை முடிந்த வட்டை. எங்கள் ஊரில் வயல்வெளியை வட்டை என்போம். மாப்பிள்ளை ஏணியில் நின்று மாட்டுப் பட்டிக் கூரைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாங்க மச்சான் என்றார். பற்றறி இல்லாத மெஷினைக் கொடுத்தேன். அதை முகத்தில் வைத்துப் பார்த்து, சத்தம் இல்லாமல் நல்லா வேலை செய்யுது என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எருமைத் தயிர் வந்தது, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். சீனி போட்டு, வாழைப்பழம் பிசைந்து, கையால் அள்ளித் தின்றேன். நான் படிக்கும் நாட்டில் தயிர் என்று சின்ன டப்பாவில் ஏதோ விற்கிறார்கள். அதைக் கொண்டுவந்து இந்தத் தாய்க்குக் காட்டினால், கன்றுக்குக்கூட வைக்க மாட்டார்.

தின்று கை கழுவியதும் மாப்பிள்ளையின் தாய் எனக்கு எதிரே வந்து இருந்தார். கடுமையான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை, நேரான ஆள்.

"தம்பி, குறை நினைக்கப்புடா. என்ட புள்ளைய நான் பொண்டாட்டி வீட்ட அனுப்புறன். மச்சான்ட வீட்ட அனுப்பல்ல. நாளைக்கு ஒரு சண்டை வந்தா, என்ட வீட்ட விட்டு எழும்பு எண்டு நீங்க சொன்னா, அவன் எங்க போவான்?"

நான் அப்படிச் சொல்ல மாட்டேன் மாமி என்றேன். நீங்க சொல்ல மாட்டீங்க, உங்களுக்கு வாறவ சொல்லுவா என்றார்.  எனக்கு வாறவளை நான் இன்னும் காணவில்லை. அவள் அப்படிச் சொல்லக்கூடியவளா என்று எப்படித் தெரியும்? எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, இன்னும் ஒரு சட்டி தயிர் வைத்தார்.

திரும்பும்போது சதாசிவம் காவல் வரைக்கும் கூட வந்தார். வழியெல்லாம் வயலைப் பற்றித்தான் பேசினார். நாவற்குடாவில் குடியிருந்துகொண்டு வட்டைக்குச் சைக்கிளில் வந்துபோகலாமாம், பாலம் பூட்டுகிற நாளில் இங்கேயே தங்குவாராம். கடைசியில் மட்டும், மச்சான், உங்கட படிப்புக்கு இதால ஏதும் பிழை வருமோ என்று கேட்டார். வராது என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்குத் துக்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. அந்தத் தாய் சொன்னது நியாயம். அந்த அதிகாரி கேட்டதும் அவர் நாட்டுக்கு நியாயம். நடுவில் ஒரு வீடு, அதற்கு இரண்டு கூரை இல்லை.

இரண்டு கிழமை கழித்து நானும் அக்காவும் புளியந்தீவுக்கு, உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கந்தோருக்குப் போனோம். கல்லடிப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அட்டையை நீட்டிவிட்டு அப்பால் போய் நின்றாள். நான் பாஸ்போட்டா, அடையாள அட்டையா, மாணவர் அட்டையா என்று பையைக் கிளறிக்கொண்டிருந்தேன். உன் அக்காவைப் பார்த்துப் படி என்று சிப்பாய் ஏதோ சொல்லிச் சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நொத்தாரிசு மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கிற ஆள். போன வருடம் அம்மாவிடமிருந்து எனக்கு எழுதியவரும் அவர்தான். இந்த வீடு இருந்த இடத்தில் இருக்குது, ஆக்கள்தான் ஓடுறாங்க என்று சொல்லிச் சிரித்தார். உறுதி தயாராக இருந்தது. சாட்சிக்கு இருவர் இருந்தார்கள். நான் பேனையை வாங்கி ஒப்பம் வைத்தேன்.   வெளிநாட்டில் நான் மேசையில் விட்டு வந்த புத்தகங்கள் ஏனோ கண்ணுக்குள் வந்தன.

அக்காவின் முறை வந்தது. நொத்தாரிசு அடையாள அட்டையைக் கேட்டார். அக்கா கைப்பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, அட்டைய வீட்ட விட்டுட்டு வந்திட்டன் என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. மூன்று கிழமை லீவில் இந்த ஒரு வேலைக்காக வந்தவன் நான். நொத்தாரிசு என்னைச் சமாதானப்படுத்தினார்.

"குடுக்கிறவர் ஒப்பம் வெச்சாக் காணாது. ஏத்துக்கொள்றன் எண்டு வாங்கிறவவும் ஒப்பம் வெச்சாத்தான் இது உறுதி. இல்லாட்டி வெறும் கடதாசி. ஆனா அதுக்கு நீங்க நிக்கத் தேவல்ல தம்பி. இந்தத் தங்கச்சி நாளைக்கு வந்து வெச்சிட்டுப் போகட்டும்."

நாளைக்கு வாறன் என்றாள் அக்கா. நாளைக்கு நான் கொழும்பு பஸ்ஸில் இருப்பேன். வெளியே வந்து இருவரும் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். அக்கா வழமையைவிட அதிகமாகச் சிரித்துக் கதைத்தாள். கலியாணப் பெண்ணுக்குச் சந்தோசம்தானே என்று நினைத்துக்கொண்டேன். தம்பி ஒப்பம் வைத்துவிட்டான் என்ற செய்தி அன்றைக்கே வாவியைக் கடந்து போனது. அடுத்த நாள் காலை நான் புறப்படும்போது கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று என்று மாமா வந்து சொன்னார். பழைய உறுதியின் கொப்பியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு என் பெட்டியின் மேலே வைத்தவரும் அவர்தான். அக்கா வாசல்வரைக்கும் வந்து, கேக்கிறத்துக்கு மட்டும் பதில் சொல்லு, கதையை வளர்க்காத என்றாள்.

திரும்பி வந்த பஸ் வெலிக்கந்தையில் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளியும் நகரவில்லை. பிறகு பார்த்தால் சாரதி பிரேக்கை விடவில்லை. இதற்குமேல் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் இல்லை. வழியெல்லாம் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

தூதரகத்தில் கண்ணாடி அதே கண்ணாடி, அதிகாரி புதியவர். மொழிபெயர்க்கிற பெண் மட்டும் அதே ஆள், பக்கத்து மேசையில். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கள் அந்த அக்கா வீட்டுக்காரர் இல்லையா?" என்றார். ஆம் என்றேன். இந்த ஒரு வருடத்தில் அவர்கள் மொழி எனக்கு வந்துவிட்டதால், இந்த முறை அவர் தேவைப்படவில்லை.

அதிகாரி என் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்தார். நல்லது என்றார். வங்கிக் கடிதத்தைப் பார்த்தார். நல்லது என்றார். பிறகு போன வருடத்துக் கடதாசியை ஒரு விரலால் தட்டி, உங்களுக்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது, அப்படித்தானே என்றார்.

என் கை பைக்குள் போனது. பொலித்தீன் பை கையில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால் போதும், வாய் திறக்கவே தேவையில்லை. மாமா சொன்னது சரி, இவர் காணிக் கந்தோருக்கு வரப்போவதில்லை. ஆனால் அந்தப் பயணம் முழுக்க, வீடு எங்கே, யாருடையது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"இல்லை. அக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்."

விற்றீர்களா என்றார். இல்லை, கொடுத்தேன் என்றேன். ஏன் என்றார். அது அவளுடையது என்றேன். சொன்ன பிறகுதான், முதன்முறை என்னை வீழ்த்திய அதே பதிலை அதே இடத்தில் மறுபடி சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது, இனிச் சாண் என்ன முழம் என்ன என்று பேசாமல் நின்றேன்.

அதிகாரி ஒலிவாங்கியை நிறுத்தினார். பக்கத்து மேசைப் பெண்ணின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அந்தப் பெண் சொன்னார், கையை விரித்துச் சொன்னார், ஒரு தடவை என்னைக் காட்டியும் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, இரண்டு வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. அதிகாரி சிரித்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தா, என் நாட்டைப் பார்த்தா, தெரியாது. ஒலிவாங்கி மறுபடி இயங்கியது. பின்னேரம் வாருங்கள் என்றார்.

பின்னேரம் பாஸ்போட்டை வாங்கி வெளியே மரத்தடியில் நின்றுதான் திறந்தேன். விசா இருந்தது. மறுபடி ஒரு வருடம். வீடு இருந்ததால் போன வருடம் தந்தார்கள் என்றால், இல்லாததால் இந்த வருடம் தந்தார்களா? அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பார்? உள்ளே போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. தந்ததைப் பறித்துவிட்டால்?

வெள்ளவத்தையில் ஒரு தொலைபேசிக் கடைக்குள் புகுந்து, நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கை முனைக் கடைக்கு அழைத்தேன். அக்காவைக் கூப்பிட ஆள் போய், அவள் ஓடி வந்து, மூச்சு வாங்க ஹலோ சொல்வதற்குள் கடைக்காரர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். விசா கிடைச்சிட்டு என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாள் என்று விளங்கியது.

"அப்ப ஒண்டு சொல்றன், ஏசாத. நான் இன்னும் ஒப்பம் வெக்கல்ல."

எதற்கு என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. உறுதிக்கு என்றாள். போகவே இல்லை, போகப் போவதும் இல்லை என்றாள். வீடு இன்னும் உன்ட பேரிலதான் கிடக்கு. நீ போய் நிற்கிற இடத்தில வீடு எங்க எண்டு கேட்டா நீ என்னத்தச் சொல்லுவாய்? வெறுங்கையோட உன்னை அனுப்புவனா?

விசாதான் கிடைத்துவிட்டதே, நாளைக்காவது போய் வை என்று கத்தினேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வருசமும் கேப்பாங்கதானே. நீ படிச்சு முடிச்சிட்டு வா. வந்து பக்கத்தில நிண்டாத்தான் நான் வெப்பன்."

மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர்தான் சொன்னவர் என்றாள். மச்சான்ட வீட்டில கொஞ்ச நாள் இருந்தா நான் தேஞ்சா போவன் என்று சதாசிவம் சொன்னாராம். மாமிக்கு மட்டும் தெரியாதாம், அதனால் என் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே நின்றேன். காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் கல்லடிப் பாலம் ஞாபகத்துக்கு வந்தது. அன்று காலை அக்கா எனக்கு முன்னால் சிப்பாயிடம் நீட்டியது அவளுடைய அடையாள அட்டையைத்தான். அட்டை இல்லாமல் அந்தப் பாலத்தை எந்தத் தமிழரும் கடந்ததில்லை. அது அவள் பைக்குள்தான் இருந்தது. நொத்தாரிசுக்கு முன்னால் அவள் பையைத் திறந்து மூடியதைப் பார்த்துக்கொண்டு நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். படித்தவன், வெளிநாட்டில் படிக்கிறவன்.

அப்படியானால் தூதரகத்தில் நான் வீடு இல்லை என்று சொன்ன நேரத்தில் எனக்கு வீடு இருந்திருக்கிறது. உண்மை என்று நினைத்துச் சொன்னது பொய். பொய் என்று பயந்து பைக்குள் விட்ட கொப்பி உண்மை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் விசாவை வைத்திருப்பார்களா, எடுப்பார்களா? தலை சுற்றியது. ஒரு வடையைத் தின்று பிளேன்ரீயும் குடித்துவிட்டு விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினேன்.

கலியாணம் நடந்தது. படம் ஒன்று வந்தது. வீட்டு வாசலில் அக்காவும் அத்தானும் நிற்கிறார்கள். அத்தானின் முகம் மழமழவென்று இருக்கிறது, பற்றறி எங்கோ கிடைத்திருக்க வேண்டும். ஓடு மாற்றியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய் நடுவில், மகனைப் பெண்சாதி வீட்டில் குடியேற்றிய நிறைவோடு நிற்கிறார். இங்கே என் அறையின் மேசைக்கு மேல் அதை ஒட்டி வைத்திருக்கிறேன். வெளியே பனி கொட்டுகிறது. செய்தியில் எங்கள் பக்கத்தின் பெயர் வந்தால் படத்தைப் பார்ப்பேன், பிறகு ஒழுங்கை முனைக் கடையின் இலக்கத்துக்கு அழைப்பேன். சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது.

என்னை மறுத்த அந்த முதல் அதிகாரி இப்போது எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறாரோ தெரியாது. திரும்பி வர உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். அன்றைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கேட்டால் சொல்லுவேன். அக்கா வைக்காத ஓர் ஒப்பம் அங்கே இருக்கிறது.